உளித் தடம் தெரியுற மாதிரி ஒரு மரப்பெட்டி: பலகை எடுக்குறதுல இருந்து மெழுகு போடுற வரைக்கும்

பழைய ஓட்டு வீட்டு உத்தரத்த சாயங்கால நேரத்துல கிட்டப் போய் பாத்திருக்கீங்களா, ஜன்னல் வழியா வெயில் சாஞ்சு விழும்போது வாச்சியால, அதாவது ஆசாரிமார் மரம் கொத்துற ஆயுதத்தால, செதுக்கின தடம் ஒவ்வொண்ணும் தனித்தனியா எழுந்து நிக்கும். எங்க தாத்தா வீட்டு உத்தரத்துல அப்படித்தான் இருக்கும், சின்ன வயசுல பாயில படுத்துக்கிட்டு அத எண்ணிக்கிட்டே தூங்கியிருக்கேன். ஜப்பான்ல இதே மாதிரி கொத்துத் தடத்த வேணும்னே விட்டு தூணும் தரைப் பலகையும் செய்றாங்க, நகுரின்னு பேரு. நாம அந்த தடத்த ஒரு சின்ன பெட்டியோட நாலு பக்கத்துலயும் கொண்டு வரப் போறோம், மூடி மட்டும் வழவழன்னு இருக்கும். மிஷின் எதுவும் வேணாம், ஒரு டிரில் இருந்தா நல்லது, மத்ததெல்லாம் கை வேலைதான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வேலையோட வரிசைய மனசுல ஏத்திக்கோங்க, ஏன்னா இந்தப் பெட்டி கெட்டுப்போறதே பெரும்பாலும் வரிசை மாறுறதுலதான். முதல்ல மூலை ஜாயிண்ட் வெட்டி பசை இல்லாம பொருத்திப் பாக்கணும், அப்புறம் பிரிச்சு பலகைய படுக்க வெச்சு செதுக்கணும், அப்புறம்தான் பசை, கடைசியா எண்ணெய். நான் முதல் பெட்டிய ஒட்டி முடிச்சுட்டு செதுக்க உக்காந்தேன், பெட்டிய எப்படிப் பிடிச்சாலும் ஆடுது, மூலைகிட்ட உளி போனப்போ ஓரம் பிஞ்சு வந்துருச்சு, ரெண்டு வாரம் பண்ண வேலை போச்சு. செதுக்கிட்டு அப்புறம் ஜாயிண்ட் வெட்டலாம்னு நெனச்சாலும் தப்பு, மேடு பள்ளமான பலகையில மூலைமட்டம் உக்காராது, கோடு நேரா வராது.

மரம்

தேக்கு எல்லாருக்கும் தெரிஞ்சது, எங்கயும் கிடைக்கும், காலத்துக்கும் நிக்கும். ஆனா தேக்குல சிலிக்கா இருக்கு, உளி முனைய சீக்கிரம் மழுக்கிரும், அடிக்கடி தீட்டிக்கிட்டே இருக்கணும். முதல் பெட்டிக்கு நான் குமிழ் மரம்தான் சொல்லுவேன், குமிழ் தேக்குன்னும் சொல்லுவாங்க, வெளிர் மஞ்சளா இருக்கும், உளி வெண்ணெய்ல போற மாதிரி போகும், காஞ்சப்புறம் அதிகம் கோணாது. பூவரசு கிடைச்சா விடாதீங்க, வைரம் பாய்ஞ்ச பகுதி சாக்லேட் நிறத்துல இருக்கும், எண்ணெய் போட்டா அவ்ளோ அழகு. வேம்பு, வாகை ரெண்டுலயும் செதுக்கலாம், 2020ல புவிசார் குறியீடு வாங்கின பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர்க்காரங்க சாமி சிலைக்கு வாகை, மா, வேம்பு எல்லாம் எடுக்குறாங்க, ஆனா வேம்புல ரேகை, அதாவது மரத்தோட நார் ஓடுற போக்கு, முன்னும் பின்னும் பின்னிக் கிடக்கும், புதுசா பண்றவங்களுக்கு கை ஒடிஞ்சுரும்.

மரவாடியில பெரிய பலகை கேக்க வேண்டாம், கதவு நிலை அறுத்தது போக மிஞ்சின துண்டு வெச்சிருப்பாங்க, அதுவே போதும். பக்கங்களுக்கு 3 இஞ்ச் அகலம் 33 இஞ்ச் நீளத்துல ஒரே பலகை, மூடிக்கு ஆறரை இஞ்ச் அகலம் 10 இஞ்ச் நீளம், மூடிக்கு அடியில ஒட்ட 5க்கு 8 இஞ்ச்ல இன்னொரு துண்டு. இழைச்சு முடிச்சப்புறம் பக்கப் பலகை 5 நூல் கனம், மூடி 4 நூல் கனம் இருக்கணும். ஒரு இஞ்சுக்கு 8 நூல், அதாவது ஒரு நூல் 3 மில்லிக்கு கொஞ்சம் மேல, ஆசாரிமார் இன்னமும் இந்தக் கணக்குலதான் பேசுறாங்க, நானும் முழுக்க அதுலயே சொல்றேன்.

வாங்கின உடனே வேலைய ஆரம்பிச்சிராதீங்க. வீட்டுக்குள்ள காத்தோட்டமா, நடுவுல குச்சி வெச்சு அடுக்கி ரெண்டு மூணு வாரம் விடுங்க. காஞ்சுருச்சான்னு தெரிஞ்சுக்க சமையலறை தராசு போதும், மூணு நாளைக்கு ஒரு தடவ எடை போட்டு பலகையிலயே பென்சில்ல எழுதி வைங்க, எடை குறையுறது நின்னா ஈரம் அடங்கிருச்சுன்னு அர்த்தம்.

உளி தீட்டுறது

வேணும்கிறது அரை இஞ்ச் பட்டை உளி ஒண்ணு, 12 மில்லி குழி உளி ஒண்ணு. குழி உளின்னா வாய் வளைஞ்சிருக்கிறது, கடையில கவுஜ்னு கேளுங்க. வளைவுக்கு நம்பர் உண்டு, 3 கிட்டத்தட்ட தட்டை, 9 அரைவட்டம், நமக்கு 5 இல்ல 7. அதுக்கு மேல போனா பள்ளம் குறுகலா ஆழமா விழும், பெட்டி கரையான் அரிச்ச மாதிரி ஆயிரும்.

புது உளி தீட்டாமத்தான் வரும், கடையில என்ன சொன்னாலும் நம்பாதீங்க. பட்டை உளிய ஆயில் ஸ்டோன்ல 25 டிகிரி சாய்வுல முன்னும் பின்னும் தேய்க்கிறது எல்லாருக்கும் தெரியும். குழி உளிக்கு அது சரிப்படாது, கல்லு மேல பக்கவாட்டுல நகத்திக்கிட்டே மணிக்கட்ட மெதுவா உருட்டணும், வாயோட ஒரு மூலை கல்ல தொட்டு ஆரம்பிச்சு மறு மூலை தொட்டு முடியணும். அப்படி தேய்க்கும்போது உள்பக்கம் ஒரு மெல்லிய பிசிர் சுருண்டு நிக்கும், விரலால தடவினா தெரியும். அத எடுக்க ஒரு பென்சில்ல ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பர சுத்தி உள்பக்கமா ரெண்டு தேய்ப்பு போதும். கடைசியா பழைய பெல்ட்டோட தோல்ல பச்சை பாலிஷ் சோப்ப தேய்ச்சு, உளிய பின்னாடி இழுத்து இருபது தடவ.

பதம் வந்துருச்சான்னு பாக்க துண்டுக் கட்டையில ரேகைக்கு குறுக்கா ஒரு பள்ளம் எடுங்க. வெட்டின இடம் எண்ணெய் தடவின மாதிரி மின்னணும். மங்கலா நார் நாரா இருந்தா பதம் பத்தல, பள்ளத்துக்குள்ள மெல்லிசா வெள்ளைக் கோடு ஓடினா முனையில எங்கயோ பல் விழுந்திருக்கு, திரும்ப கல்லுக்கே போங்க. இதுக்கு சோம்பல் படாதீங்க தயவுசெஞ்சு, ஏன்னா செதுக்கின இடத்துல உப்புத்தாள் போடப் போறதில்ல, உளி விட்டுட்டுப் போற பளபளப்புதான் கடைசி வரைக்கும் நிக்கப் போகுது.

அளவும் மூலையும்

பெட்டி வெளி அளவு 9க்கு 6 இஞ்ச், உயரம் மூடி இல்லாம 3 இஞ்ச். 33 இஞ்ச் பலகைய இழைச்சு சமன் பண்ணிட்டு இடது, முன்பக்கம், வலது, பின்பக்கம்னு அதே வரிசையில வெட்டுங்க, அப்பதான் ரேகை மூலை திரும்பி ஓடின மாதிரி வரும். நாலுல மூணு மூலை பொருந்தும், பொருந்தாத ஒண்ணு பின்னாடி இடது மூலைக்குப் போயிரும். ஒவ்வொரு துண்டுலயும் மேல் ஓரத்துல எண் போட்டு வைங்க, பிரிச்சு சேர்க்கும்போது குழப்பம் வராது.

முன், பின் பலகை ரெண்டும் முழு 9 இஞ்ச். அதோட ரெண்டு முனையிலயும் உள்பக்கமா 5 நூல் அகலம் 3 நூல் ஆழத்துல ஒரு படி எடுக்கணும், மிச்சம் 2 நூல் கனத்துல ஒரு உதடு நிக்கும். பக்கவாட்டுப் பலகை அந்தப் படியில வந்து உக்காரும், அதோட நீளம் அஞ்சரை இஞ்ச், ரெண்டு பக்க உதடு சேந்து 6 ஆயிரும். புறா வால் மாதிரி பல்லு வெட்டிக் கோக்குற டவ்டெயில் ஜாயிண்ட் தெரிஞ்சவங்க அது போடலாம்தான், ஆனா இந்தப் பெட்டியில கண்ணு செதுக்குக்குப் போகணும், மூலை பேசாம இருக்கட்டும்.

அடிப் பலகைக்கு நாலு துண்டுலயும் உள்பக்கம், கீழ் ஓரத்துல இருந்து 2 நூல் விட்டு, 2 நூல் ஆழத்துக்கு ஒரு காடி, அதாவது நீளவாக்குல ஒரு பள்ளம், ஓட்டுங்க, அகலம் 4 மில்லி பிளைவுட் இறுக்கமா நுழையுற அளவு. காடி ஆழம் 2, படி ஆழம் 3, அதனால காடி முழு நீளத்துக்கு ஓடினாலும் வெளியில ஓட்டை தெரியாது, உதட்டுக்குள்ள மறைஞ்சிரும். பிளைவுட் அளவு எட்டேகாலுக்கு அஞ்சேகால் இஞ்ச், அதுல ரெண்டு பக்கமும் அரை நூல் குறைச்சு வெட்டுங்க.

இப்ப பசை இல்லாம சேத்துப் பாருங்க. மூலைவிட்டம் ரெண்டும் அளந்தா சமமா இருக்கணும், வெளிச்சத்துக்கு எதிர பிடிச்சா மூலையில ஒளி வரக்கூடாது. சரியா வர்ற வரைக்கும் இங்கயே நில்லுங்க.

செதுக்குறது

பிரிச்சுட்டு ஒவ்வொரு பலகையிலயும் வெளிப்பக்கம் ஒரு ஃப்ரேம் வரையுங்க. முன், பின் பலகையில ரெண்டு முனையிலயும் 5 நூல், மேலயும் கீழயும் 3 நூல். பக்கவாட்டுப் பலகையில நாலு பக்கமும் 3 நூல், உதடு 2 நூல் சேரும்போது அங்கயும் 5 ஆயிரும். இந்த ஃப்ரேம் அழகுக்கு மட்டும் இல்ல, முனையில உதடு வெறும் 2 நூல் கனம்தான், அது மேல உளி போனா மூலை பலவீனமாயிரும். அப்புறம் க்ளாம்ப் புடிக்க, மூலைமட்டம் வைக்க ஒரு சமமான இடம் வேணும்ல.

ஃப்ரேம் கோட்டுல ஸ்டீல் ஸ்கேல் வெச்சு கத்தியால நாலஞ்சு தடவ இழுத்து ஒரு மில்லி ஆழத்துக்கு கீறிருங்க. உளி வந்து அந்தக் கீறல்ல நிக்கும், தாண்டி ஃப்ரேம பிச்சுக்கிட்டு போகாது.

முன் பலகையில உள்ள இடம் 62 நூல் நீளம், 18 நூல் உயரம். உயரத்த நாலரை நூல் வீதம் 4 வரிசையா பிரிங்க, நீளத்த 3 நூல் வீதம் பிரிச்சா வரிசைக்கு 20 சொச்சம் குழி வரும். ஒத்தப்படை வரிசைய ஒன்றரை நூல் தள்ளிப் போட்டா ஓடு வேய்ஞ்ச மாதிரி, மீன் செதில் மாதிரி அமையும். பென்சில்ல லேசா புள்ளி வெச்சா போதும், கட்டம் போட்டு கோடு இழுக்காதீங்க, கட்டத்துக்குள்ள அடைச்சு செதுக்கினா அச்சுல ஊத்தின மாதிரி ஆயிரும். நாலு பக்கமும் சேத்து சுமார் 260 குழி வரும்.

பலகைய பிடிச்சு நிறுத்த ஒரு பழைய பிளைவுட்ல நாலு பக்கமும் கட்டை திருகி தொட்டி மாதிரி பண்ணிக்கோங்க, அந்த பிளைவுட்ட மேஜையோட க்ளாம்ப் போட்டுருங்க. ரெண்டு கையும் உளி மேலதான் இருக்கணும், உளிக்கு முன்னாடி எந்த கையும் வரக்கூடாது, விரலு போனா திரும்ப வராது. டேபிள் லேம்ப பலகைக்கு பக்கத்துல தாழ்வா வைங்க. மேல இருந்து வர்ற டியூப்லைட்டுல பள்ளம் எல்லாம் தட்டையா தெரியும், பக்கத்துல இருந்து விழுற வெளிச்சத்துல ஒரு குழி ஆழமா போயிருந்தாலும் நிழல் காட்டிக் கொடுத்துரும்.

இப்ப ஒரு குழி. ரேகை பலகையோட நீளத்துல ஓடுது, நாம அதுக்கு குறுக்கா, மேல இருந்து கீழா வெட்டுறோம். வலது கை கைப்பிடியில, இடது கை விரல் ரெண்டு உளித் தகட்டு மேல, மணிக்கட்டு பலகையில பதிஞ்சிருக்கட்டும். புள்ளியில முனைய வெச்சு கைப்பிடிய தூக்கி லேசா அழுத்தினா உளி உள்ள இறங்கும், அரை நூல் இறங்கின உடனே தள்ளிக்கிட்டே கைப்பிடிய கீழ கொண்டு வாங்க, முனை தானா மேல ஏறி வெளிய வரும், செதில் ஒண்ணு சுருண்டு விழும். எனக்கு முதல் நாள் செதில் விழவே இல்ல, பாதியில ஒட்டிக்கிட்டு நிக்குது, நான் நெம்பி நெம்பி எடுத்தேன். எங்க தெருவுல இருக்கிற ஆசாரி அண்ணன் வந்து பாத்துட்டு, "தம்பி, நெம்பாத, கைப்பிடிய இன்னும் இறக்கு, அது பள்ளத்துல இருந்து ஏறி வரணும்ல"ன்னாரு. இறக்கினேன், டக்குனு ஒரு சத்தம், நகம் வெட்டின மாதிரி, முழுசா செதில் கையில. அந்த சத்தம்தான் அடையாளம், சத்தம் சுத்தமா இருந்தா குழியும் சுத்தமா இருக்கும்.

பக்கத்து குழி 3 நூல் தள்ளி, உளி வாயோ 12 மில்லி, அதனால ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏறும். ஏறணும். அப்பதான் நடுவுல கூர்மையா ஒரு வரப்பு நிக்கும், அந்த வரப்பு ஃப்ரேம விட ஒரு முடி அளவு தாழ்ந்து இருக்கும், பின்னாடி ஃப்ரேம இழைக்கும்போது இழைப்புளி வரப்ப தொடாது. குழிக்கு குழி தட்டையா இடம் விட்டா சும்மா குத்திப் பாத்த மாதிரி தெரியும்.

வரப்பு எங்கயாச்சும் பிஞ்சு வந்தா செதில தூக்கிப் போடாதீங்க, அப்படியே ஒரு சொட்டு ஃபெவிக்விக் வெச்சு அதே இடத்துல ஒட்டி அழுத்துனா தடமே தெரியாது. தொலைஞ்சு போச்சுன்னா சுத்தி இருக்கிற நாலு குழிய ஆளுக்கு கொஞ்சம் ஆழப்படுத்தி அதுக்குள்ள கரைச்சுருங்க. ஆனா எந்தக் குழியும் ஒரு நூலுக்கு மேல போகக் கூடாது, உள்பக்கம் காடி ஓடுறத மறந்துறாதீங்க.

ஒவ்வொரு 20 குழிக்கும் ஒரு தடவ உளிய தோல்ல இழுங்க. ஒரே நாள்ல முடிக்க வேணாம், கை அசந்தா குழி ஆழம் மாறும், நாளைக்கு ஒரு பலகை போதும். முதல் பலகையும் நாலாவது பலகையும் ஒரே மாதிரி வராது, நாலாவது நல்லா வரும், அதனால பின்பக்கத்துல ஆரம்பிச்சு முன்பக்கத்த கடைசியா செதுக்குங்க.

முக்கியமா ஒண்ணு, செதுக்குறதுக்கு முன்னாடி உப்புத்தாள் போடவே போடாதீங்க, இழைப்புளியோட நிறுத்துங்க. உப்புத்தாள் மணல் துகள் மரத்துல சிக்கிக்கிட்டு உளி முனைய தின்னுரும். செதுக்கினதுக்கு அப்புறமும் கிடையாது. வரப்பு மேல ஒரே ஒரு தடவ தேய்ச்சாலும் கூர்மை உருண்டு போயிரும், வெளிச்சம் தங்க இடம் இருக்காது. கெட்டி பிரஷ்ல தூசி தட்டிட்டு, இழைச்சு விழுந்த சுருள் ஒரு கைப்பிடி அள்ளி அழுத்தி தேய்ங்க, அது போதும், மரத்த மரமே மெருகு ஏத்திரும்.

ஒட்டுறது

தேக்குன்னா ஒட்டுற இடத்த மட்டும் தின்னர் தொட்ட துணியால துடைச்சு உலர விட்டு உடனே பசை போடுங்க, அதோட எண்ணெய் பசைய பிடிக்க விடாது. மத்த மரத்துக்கு நேரா ஃபெவிகால். செதுக்கின ஓரத்துல செல்லோடேப் ஒட்டிக்கோங்க, ஏன்னா குழிக்குள்ள ஒரு சொட்டு பசை போனாலும் எண்ணெய் போடும்போது அந்த இடம் மட்டும் வெளுத்து நிக்கும், எடுக்கவே முடியாது. வெளிய பிதுங்குற பசைய ஈரத் துணியால துடைக்காதீங்க, கரைஞ்சு ரேகைக்குள்ள போயிரும், அரை மணி நேரம் விட்டா ரப்பர் மாதிரி ஆகும், அப்ப பட்டை உளியால உரிச்சு எடுங்க.

அடிப் பிளைவுட்ட காடியில நுழைச்சு நாலு பக்கமும் சேத்து, பழைய சைக்கிள் டியூப்ப நீளமா கிழிச்சு பெட்டிய சுத்தி இறுக்கிக் கட்டுங்க. பார் க்ளாம்ப் இருந்தா நல்லதுதான், ஆனா டியூப் நாலு மூலையிலயும் ஒரே மாதிரி அழுத்தும். கட்டின உடனே மூலைவிட்டம் திரும்ப அளந்து, கோணி இருந்தா நீளமான மூலைய அழுத்தி சரி பண்ணிட்டு ஒரு நாள் முழுக்க தொடாம விடுங்க.

மறுநாள் முன், பின் பக்கத்துல, முனையில இருந்து ரெண்டரை நூல் தள்ளி, மேல இருந்து 6 நூல், கீழ இருந்து 6 நூல்ல மூலைக்கு ரெண்டு வீதம் 3 மில்லி ஓட்டை போட்டு மூங்கில் ஆணி இறக்குங்க, ஒரு இஞ்ச் ஆழம். சூப்பர் மார்க்கெட்ல விக்கிற கபாப் குச்சியே சரியா இருக்கும், முனையில கொஞ்சம் பசை. காஞ்சப்புறம் பட்டை உளியால மட்டமா வெட்டி ஃப்ரேம மட்டும் ஒரு இழைப்பு.

மூடி

மூடி ஒன்பதேகாலுக்கு ஆறேகால், சுத்தி ஒரு நூல் வெளிய நிக்கும். அடியில ஒட்டுற துண்டு பெட்டி உள் அளவான ஏழேமுக்காலுக்கு நாலேமுக்கால்ல இருந்து ஒவ்வொரு பக்கமும் அரை நூல் குறைவு. ரெண்டும் ஒரே மரமா, ரேகை ஒரே திசையில ஓடணும். குறுக்கா ஒட்டினா ஐப்பசி மழையில ஒண்ணு அகலமாகும் ஒண்ணு ஆகாது, மூடி வளைஞ்சிரும். கீல் வேணாம், தூக்கி வைக்கிற மூடிதான் இதுக்குப் பொருத்தம். மூடிக்கு மட்டும் 120, 180, 240ன்னு உப்புத்தாள் போட்டு வழவழன்னு கொண்டு வாங்க. மூடியையும் செதுக்கலாமான்னு ஆசை வரும், எனக்கும் வந்துச்சு, ஒண்ணு செதுக்கியும் பாத்தேன், பெட்டி முழுக்க ஒரே சலசலப்பா இருந்துச்சு, கை வைக்க அமைதியா ஒரு இடம் வேணும்.

எண்ணெயும் மெழுகும்

வார்னிஷ் அடிச்சா குழியில தேங்கி கண்ணாடி மாதிரி மின்னும், தடம் எல்லாம் பிளாஸ்டிக்கா தெரியும். பெயிண்ட் கடையில கிடைக்கிற லின்சீட் ஆயில, காய்ச்சினதா கேட்டு வாங்கி, சரிபாதி டர்பன்டைன் கலந்து பழைய டூத் பிரஷ்ல குழிக்குள்ள எல்லாம் போற மாதிரி தடவுங்க. இருபது நிமிஷத்துல மிச்ச எண்ணெய முழுசா துடைச்சு எடுத்துரணும், குழிக்குள்ள துணிய விரல்ல சுத்தி ஒவ்வொண்ணா. விட்டா பிசுபிசுன்னு வாரக்கணக்குல காயாது, தூசி எல்லாம் ஒட்டிக்கும். ஒரு நாள் இடைவெளி விட்டு இன்னும் ரெண்டு கோட்டிங், இந்த தடவ டர்பன்டைன் இல்லாம.

எண்ணெய் துடைச்ச துணிய சுருட்டி குப்பைத் தொட்டியில போடவே போடாதீங்க. லின்சீட் ஆயில் காயும்போது சூடு கிளம்பும், கசக்கி வெச்ச துணிக்குள்ள அந்த சூடு வெளிய போக வழி இல்லாம தானா தீப்பிடிக்கும். தண்ணியில நனைச்சு, வெளியில தரையில விரிச்சுப் போட்டு நல்லா விறைப்பா காஞ்சதுக்கு அப்புறம்தான் குப்பைக்கு.

ஒரு வாரம் கழிச்சு தேன் மெழுகு எடுத்து ஷூ பிரஷ்ல தேய்ங்க, குழிக்குள்ள மயிர் போய் மெருகேத்தும், வரப்பு மேல லேசா ஒரு மினுப்பு வரும். பெட்டி உள்பக்கம் மட்டும் எண்ணெய் தடவாதீங்க, மூடி வெச்ச இடத்துல அந்த வாசம் மாசக்கணக்குல போகாது, உள்ள வைக்கிற துணியில கூட ஏறிரும். உள்ள மரத்த அப்படியே விட்டுட்டு, அடியில ஒரு பருத்தித் துணி வெட்டி விரிச்சுட்டு, முதல் பத்து நாளைக்கு மூடிய தொறந்தே வைங்க.